வாதக் கட்டுரையில் எதிர்த்தரப்பை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிக் கட்டுரைப் போட்டி, யுபிஎஸ்சி கட்டுரைத் தாள், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு என்று எதற்குத் தயாராகிறவர்களாக இருந்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து தடுமாறுகிறார்கள்: நம் கருத்துக்கு நேர் எதிராக இருக்கும் கருத்தை எப்படி எழுதுவது? ஒவ்வொரு கேள்விக்கும் புதுத் தலைப்பைத் தேடி அலையாமல், கீழே பெரும்பாலும் ஒரே தலைப்பை வைத்தே பதில் சொல்கிறேன்: "ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிக்கான தடை தொடர வேண்டும்." பின்னணி தெரியாதவர்களுக்கு: தமிழ்நாட்டு அரசு 2018 ஜூன் 5 அன்று அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களைத் தடை செய்தது. பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அப்போது விலக்கு இருந்தது. நாடு முழுவதற்குமான தடை வேறொரு பட்டியலோடு 2022 ஜூலை 1 அன்று வந்தது. நாம் தடையை ஆதரித்து எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் எடுத்தாயிற்று. அப்புறம் எதிராளிக்கு எதற்கு இடம் கொடுக்க வேண்டும்? நானே அவருக்கு வாய்ப்புக் கொடுத்த மாதிரி ஆகாதா?

வாய்ப்பு ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. "நெகிழித் தடை தொடர வேண்டும்" என்ற தலைப்பைப் பார்த்த நிமிஷமே, படிக்கிறவர் மனத்தில் "தடை போட்டும் எல்லாக் கடையிலும் கவர் கொடுக்கிறானே" என்று ஓடத் தொடங்கிவிடும். அதற்கு நீங்கள் பதில் சொல்கிற வரைக்கும் அவர் உங்கள் கட்டுரையைப் பாதிக் காதில்தான் வாங்குவார்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1945இல், ஜெர்மனி தோற்றாலும் ஜப்பானோடு போர் நீளும் என்று அமெரிக்க ராணுவம் தன் வீரர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்டும் அவருடைய சகாக்களும் இரண்டு வானொலி உரைகளைத் தயாரித்தார்கள். ஒன்றில் போர் நீளும் என்பதற்கான காரணங்கள் மட்டும், இன்னொன்றில் "சீக்கிரம் முடியும்" என்பவர்களின் காரணங்களும் சேர்ந்து. ஏற்கெனவே ஒத்த கருத்து உடையவர்களிடம் முதல் உரை நன்றாக எடுபட்டது. மாற்றுக் கருத்து இருந்தவர்களிடமும், அதிகம் படித்தவர்களிடமும் இரண்டாவதுதான் வேலை செய்தது. உங்கள் கட்டுரையைத் திருத்தப்போகிறவர் எந்த வகை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். எதிர்வாதத்தை எடுத்துப் போட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் நகர்ந்தால் நீங்கள் பயப்படுகிற அதே கதிதான் நேரும். அதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தோன்றுவதெல்லாம் சப்பையாக இருக்கிறது.

உட்கார்ந்த இடத்தில் யோசித்தால் சப்பையாகத்தான் தோன்றும், ஏனென்றால் யோசிப்பது நீங்கள். நீங்கள் ஆதரிக்கும் விஷயத்தால் யாருக்கு நஷ்டம் என்று கேளுங்கள், அங்கே போங்கள். உணவகத்தில் பார்சல் கட்டுகிறவர் ஒரு பொட்டலத்துக்குள் சாம்பார், ரசம், இரண்டு சட்னி என்று நாலு சின்னக் கவர்களை ரப்பர் பேண்டு போட்டு வைக்கிறார். அவரிடம் "இதை நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். "வாடிக்கையாளர் தூக்குவாளி எடுத்துட்டு வந்தா நான் ஏன் கவர் வாங்கப்போறேன்?" என்று திருப்பிக் கேட்பார். இது ஒரு எதிர்வாதம், நல்ல கனமான எதிர்வாதம். பேருந்து நிலையத்தில் பூ விற்கும் அம்மாவிடம் இன்னொன்று கிடைக்கும்: ஈரப்பூவைக் காகிதத்தில் கட்டினால் வாங்குகிறவர் வீடு போய்ச் சேர்வதற்குள் கிழிந்துவிடுகிறது, இலை எல்லா நாளும் கிடைப்பதில்லை. மீன் கடையில் வேறு மாதிரி சொல்வார்கள். கவர் தயாரிக்கும் சிறு ஆலைக்காரர், வங்கிக் கடனில் எந்திரம் வாங்கிப் போட்டதைச் சொல்வார்.

கேட்டதை அன்றைக்கே எழுதி வையுங்கள். சார்லஸ் டார்வின், தன் முடிவுகளுக்கு எதிராக ஒரு தகவலோ எண்ணமோ கண்ணில் பட்டால் உடனே குறித்து வைப்பதைப் பல ஆண்டுகள் வழக்கமாக வைத்திருந்தாராம். சாதகமானவை நினைவில் நிற்கும், பாதகமானவைதான் சீக்கிரம் மறந்துபோகும் என்பது அவர் கண்டது. 1859இல் வந்த அவருடைய பரிணாமக் கொள்கை நூலில், கொள்கைக்கு உள்ள சிக்கல்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்தக் குறிப்புகள் இல்லாமல் அதை எழுதியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

செயலியிடம், அதாவது செயற்கை நுண்ணறிவிடம், எதிர்வாதம் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா?

தொடங்குவதற்குக் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அது தருவது "வேலைவாய்ப்பு பாதிக்கும், மாற்றுப் பொருள் விலை அதிகம்" என்ற அளவில் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், திருத்துகிறவர் அதை அன்றைக்கே முப்பது தாளில் படித்திருப்பார். ரசம் கவர் அதற்குத் தெரியாது. அது தரும் எண்களை மூலத்தில் பார்க்காமல் எழுதவே எழுதாதீர்கள்.

எதிர்த்தரப்பை நியாயமாகச் சொல்லிவிட்டேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முக்கியமான இடம் இதுதான். பெரும்பாலான கட்டுரைகள் கெட்டுப்போவதும் இங்கேதான். ஒரு மாதிரி பாருங்கள்:

"சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலையில்லாத சிலர், நெகிழிப் பை வசதியாக இருக்கிறது என்பதற்காகத் தடையை எதிர்க்கின்றனர். வசதிக்காகப் பூமியை அழிக்கலாமா?"

இது செத்த பாம்பை அடிக்கிற வேலை. எதிர்ப்பவர்கள் யாரும் "எனக்குப் பூமியைப் பற்றிக் கவலையில்லை" என்று சொல்லவில்லை. அதையே இப்படி எழுதிப் பார்ப்போம்:

"தடையின் சுமை சமமாக விழவில்லை என்பது சிறு வியாபாரிகளின் வாதம். பெரிய நிறுவனம் தன் பிஸ்கட்டை நெகிழி உறையில் அடைத்து விற்கிறது, அதைத் தெருக்கடைக்காரர் விற்றால் யாரும் கேட்பதில்லை. அதே கடைக்காரர் அந்தப் பிஸ்கட் பொட்டலத்தை ஒரு மெல்லிய கவரில் போட்டுக் கொடுத்தால் அபராதம். குப்பையாகப் போவது இரண்டும்தானே என்று அவர் கேட்கிறார்."

இரண்டாவதைப் படித்தால் அந்தக் கடைக்காரர் "ஆமாம்ப்பா, இதைத்தான் நான் சொல்றேன்" என்பார். அளவுகோல் அவ்வளவுதான்: எதிராளி படித்துவிட்டுத் தலையாட்ட வேண்டும். அவர் சொன்னதைவிட நீங்கள் அழகாகச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. உங்களுக்கே ஒரு நொடி "ஐயோ, இவர் சொல்வது சரிதானோ" என்று உதறினால், சரியான எதிர்வாதத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

"கவலையில்லாத", "அறியாமையால்", "சுயநலத்துக்காக" மாதிரி அடைமொழிகளை அந்தப் பத்தியிலிருந்து தேடித்தேடி நீக்குங்கள். அவை வாதத்துக்குப் பதில் சொல்லவில்லை, ஆளைத் திட்டுகின்றன.

சரி, நியாயமாகச் சொல்லியாயிற்று. பதில் எப்படிச் சொல்வது?

எதிர்வாதம் எதன் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எண்ணின் மேலா, ஒப்பீட்டின் மேலா, மதிப்பின் மேலா? மூன்றுக்கும் பதில் ஒரே மாதிரி இருக்காது. நம் தலைப்பில் ஆகக் கடினமான ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டில் கவருக்கு மாற்றாக அரசு முன்வைப்பது மஞ்சப்பை. 2021 டிசம்பரில் இதற்கென ஓர் இயக்கமே தொடங்கினார்கள், 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்களும் வந்தன. இப்போது எதிராளி ஓர் ஆய்வை எடுத்து மேசையில் போடுகிறார். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்டது. சாதாரணப் பருத்திப் பை ஒன்றை 7,100 முறை பயன்படுத்தினால்தான் அது ஒரு நெகிழிப் பையைவிடச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறது. பருத்தி விளைவிக்க நீர், உரம், நூற்க, நெய்ய, சாயமேற்ற என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் அவ்வளவு. "தினமும் எடுத்துப் போனாலும் பத்தொன்பது வருஷம் ஆகும், உங்கள் மஞ்சப்பை தாங்குமா?" என்று கேட்கிறார்.

பலர் இந்த இடத்தில் "ஆய்வுகள் எதையும் சொல்லும்" என்று தட்டிக்கழிப்பார்கள். வேண்டாம். ஆய்வைத் திறந்து படியுங்கள். அந்த 7,100 எப்படி வருகிறது? பலவகைப் பாதிப்புகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, அவற்றில் எது மிக மோசமோ அதை வைத்து வந்த எண் அது. இங்கே மோசமாக இருந்தது ஓசோன் படலம் தொடர்பான கணக்கு. பருவநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்தால் அதே பைக்கு அதே ஆய்வில் வருவது 52 முறை. வாரம் ஒருமுறை காய்கறிச் சந்தைக்கு எடுத்துப்போனால் ஒரே வருஷத்தில் கணக்கு நேராகிவிடும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு, புவி வெப்பமாதலை வைத்து மெல்லிய கவரோடு ஒப்பிட்டு 131 முறை என்கிறது. அது கொஞ்சம் அதிகம், ஆனாலும் ஒரு துணிப்பை தாங்காத அளவு இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பை தெருவில், சாக்கடையில், வயலில் போய்ச் சேர்வதால் வரும் பாதிப்பை டென்மார்க் ஆய்வு கணக்கில் சேர்க்கவே இல்லை. டென்மார்க்கில் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு என்று சொல்லியே விட்டுவிட்டார்கள். அங்கே குப்பை ஒழுங்காகச் சேகரிக்கப்பட்டு எரி உலைக்குப் போகிறது, அதனால் அவர்களுக்கு அது சரி. நம் ஊரில் தடை கேட்பதற்கே அடிப்படைக் காரணம் அந்தப் பாதிப்புதான். மழைநீர் வடிகால் அடைப்பதும், மாடு கவரைத் தின்று வயிறு உப்பிச் சாவதும் அந்த 7,100க்குள் எங்கேயும் இல்லை. வங்கதேசம் 2002இல் மெல்லிய பாலிதீன் பைகளைத் தடை செய்தபோது, உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அது, அவர்கள் சொன்ன காரணமும் 1988, 1998 வெள்ளங்களில் வடிகால்களை அடைத்தவை இந்தப் பைகள் என்பதுதான்.

கவனியுங்கள், ஆய்வு பொய் என்று நாம் எங்கேயும் சொல்லவில்லை. அது கேட்ட கேள்வி வேறு, நம் கேள்வி வேறு என்று காட்டினோம். ஆய்வுகளுக்குப் பதில் சொல்வதில் பாதி வேலை இதுதான்.

அதே மூச்சில் ஒரு பொறியிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். "வெள்ளத்துக்குக் காரணமே நெகிழிப் பைதான்" என்று எழுதினால் எதிராளி உங்களைச் சும்மா விடமாட்டார். 2005 ஜூலை 26 அன்று மும்பையில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. அடைத்த வடிகால் நிலைமையை மோசமாக்கியது என்று எழுதலாம், கவர் இல்லாதிருந்தால் வெள்ளமே வந்திருக்காது என்று எழுத முடியாது.

எதிராளி சொல்வது உண்மையிலேயே சரியாக இருந்தால்?

ஒப்புக்கொள்ளுங்கள். பல பேர் இதைத் தோல்வி என்று நினைக்கிறார்கள். கடைக்காரரின் அந்தப் பிஸ்கட் உறை வாதத்துக்கு என்னிடம் நேர்மையான மறுப்பு கிடையாது. சட்டத்தின் கை தெருவோரத்தில்தான் முதலில் நீண்டது என்பதை யாராலும் மறுக்க முடியாது.

ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு உங்கள் நிலைப்பாடு அதே இடத்தில் நிற்கக் கூடாது. "இதுவும் உண்மையே. எனினும் தடை தொடர வேண்டும்" என்று எழுதிவிட்டுத் தாண்டிப்போனால் அது ஒப்புக்கு ஒப்புக்கொண்டது. உண்மையாக ஒப்புக்கொண்டால் மையக் கருத்தே கொஞ்சம் மாறும்: "தடை தொடர வேண்டும். ஆனால் அதன் பாரம் கவர் கொடுப்பவரிடமிருந்து உறை தயாரிப்பவரை நோக்கி நகர வேண்டும்." இப்போது முன்னுரைக்குப் போய் முதல் வாக்கியத்தையும் திருத்துங்கள். எதிர்வாதத்தால் கட்டுரை கூர்மையாவது என்பது இதுதான். தொடக்கத்தில் வைத்திருந்த மொட்டைக் கோஷத்தைவிட இது நல்ல கருத்தும்கூட.

"தடை போட்டும் கவர் கிடைக்கிறதே" என்ற வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். அதன் முதல் பாதி உண்மை, கிடைக்கத்தான் செய்கிறது. அதிலிருந்து "ஆகவே தடையை எடுத்துவிடு" என்று தாவுவது மட்டும்தான் கேள்விக்குரியது. தலைக்கவசம் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அந்த விதியை எடுத்துவிடச் சொல்வோமா? தகவலை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து எடுத்த முடிவை மட்டும் மறுக்கலாம்.

கட்டுரையில் எந்த இடத்தில் வைப்பது?

பள்ளியில் குறிப்புச் சட்டகம் போட்டுப் பழகியதால் முன்னுரை, நாலு உட்தலைப்பு, முடிவுரை என்றே கை போகும், எதிர்த்தரப்பு முடிவுரைக்கு முந்தின ஒரு பத்தியில் ஒதுங்கிக் கிடக்கும். மோசமில்லை, ஆனால் அது ஒரே வழி அல்ல. எதிர்ப்பு படிக்கிறவர் மனத்தில் முதல் வரியிலேயே எழுந்துவிடும் என்றால், முதலிலேயே எடுத்துப் பதில் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வாதத்துக்கும் தனித்தனி எதிர்ப்பு இருந்தால் அந்தந்த இடத்திலேயே முடித்துவிட வேண்டியதுதான். முடிவுரையில் மட்டும் புது எதிர்வாதத்தைக் கொண்டுவராதீர்கள், பதில் சொல்ல இடமிருக்காது.

எத்தனை எதிர்வாதம் எழுத வேண்டும்?

கடினமான ஒன்று, முடிந்தால் இரண்டு. எளிதான ஐந்தை எடுத்து வரிசையாக வெட்டிச் சாய்த்தால், விட்டுவிட்ட அந்த ஒன்றைத்தான் திருத்துகிறவர் கவனிப்பார்.

"சிலர் கூறுவர்" என்று தொடங்கலாமா?

யார் அந்தச் சிலர்? வியாபாரிகளா, ஆலைக்காரர்களா, ஆய்வாளர்களா? யார் என்று எழுதினால் அவர்களின் காரணமும் தானாகத் தெளிவாகும். அப்புறம், எதிர்வாதம் எங்கே முடிகிறது, உங்கள் குரல் எங்கே தொடங்குகிறது என்பது தெரிய வேண்டும். "என்பது அவர்கள் வாதம்" என்று ஒரு முறை மூடிவிட்டு, "இதில் முதல் பகுதி சரி" என்றோ "இந்தக் கணக்கு ஒன்றை விட்டுவிடுகிறது" என்றோ உங்கள் பேச்சைத் தொடங்குங்கள். ஒரே பத்தியில் ஆனால், எனினும், ஆயினும், இருப்பினும் என்று நாலு முறை திரும்பினால் படிக்கிறவருக்குத் தலை சுற்றும். ஒரு பத்திக்கு ஒரு திருப்பம் போதும்.

பட்டிமன்றப் பேச்சு மாதிரி எழுதினால் சுவாரசியமாக இருக்குமே?

மேடையில் எதிரணியைக் கிண்டல் செய்யலாம், அவர்கள் எழுந்து வந்து பதில் சொல்வார்கள், கடைசியில் நடுவர் இருக்கிறார். காகிதத்தில் எதிராளிக்கு வாய் இல்லை, அவர் வாயும் நீங்கள்தான். அதனால் அங்கே கைதட்டல் வாங்குகிற அதே வரி இங்கே அற்பமாகத் தெரியும்.

நம் மரபில் இதற்கு வேறு முன்மாதிரி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இரண்டு பகுதி: பரபக்கம், சுபக்கம். பரபக்கத்தில், கண்ணால் காண்பதே உண்மை என்ற உலகாயதர் தொடங்கி மாற்றுச் சமயத்தார் ஒவ்வொருவரின் கொள்கையையும் முதலில் அவரவர் வாயால் சொல்வது போலச் சொல்லிவிட்டு, அதன் பிறகே மறுதலை. தன் கொள்கையான சுபக்கம் அதெல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறது. நன்னூலும் நூல் எழுதுகிறவர் கொள்ளும் எழுவகை மதங்களில் (மதம் என்றால் இங்கே கொள்கை) "பிறர்தம் மதமேற் கொண்டு களைவே" என்று ஒன்றைச் சொல்கிறது: அடுத்தவர் கொள்கையை முதலில் ஏற்று, பிறகு நீக்குவது. அதே பட்டியலில் வெறும் "உடன்படல்" என்பதும் தனியாக இருக்கிறது. ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில் ஒப்புக்கொள்வதற்கு இலக்கணமே இடம் கொடுத்துவிட்டது.

எதிர்த்தரப்பு அநியாயமான தரப்பு என்றால்? குழந்தைத் திருமணத்தை எதிர்த்து எழுதும்போது அதற்கும் நியாயம் கற்பிக்க வேண்டுமா?

வேண்டாம். எதிர்த்தரப்பைச் சொல்வது என்றால் எல்லாவற்றையும் தராசின் இரு தட்டில் வைப்பது என்று அர்த்தமில்லை. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, "குழந்தைத் திருமணம் நல்லதா கெட்டதா" என்று நீங்கள் விவாதம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் பெற்றவர்கள் ஏன் செய்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு எழுதினால் கட்டுரை வெறும் கண்டன அறிக்கையாக நின்றுவிடும். "வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பிள்ளைக்குக் காவல் இல்லை", "மேல்நிலைப் பள்ளி தூரம், பஸ் கிடையாது", "ரெண்டு வருஷம் போனால் சீர் கூடக் கேட்பார்கள்". இவற்றுக்குப் பதில் சொல்லாத வாதம் அந்த வீட்டு வாசலைத் தாண்டாது. செயலை நியாயப்படுத்த வேண்டாம், அதற்குப் பின்னால் இருக்கும் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

இரு பக்கமும் எழுதிவிட்டு "இரண்டிலும் நன்மை தீமை உண்டு" என்று முடித்தால் பாதுகாப்புதானே?

பாதுகாப்புதான், மதிப்பெண் வராது. வாதக் கட்டுரை என்றால் நீங்கள் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். நடுவில் நிற்பதும் ஒரு நிலைப்பாடாக இருக்கலாம், அதற்கும் ஏன் நடுவில் என்று காரணம் சொல்ல வேண்டும்.

தேர்வில் நேரமே இருக்காதே?

ஐஇஎல்டிஎஸ் இரண்டாம் பணியில் 40 நிமிஷத்தில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். அங்கே இரண்டு தரப்பையும் பேசி உன் கருத்தையும் சொல் என்று கேள்வியிலேயே கேட்டிருந்தால் இரண்டுக்கும் ஒவ்வொரு பத்தி கட்டாயம். கேட்காமல் உங்கள் கருத்தை மட்டும் கேட்டிருந்தால் எதிர்வாதத்துக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். யுபிஎஸ்சி கட்டுரைத் தாளில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொல். அங்கே இடம் தாராளம், நான் சொன்ன அந்த ஒரு கடினமான எதிர்வாதத்தை ஆற அமர எடுத்துப் பேசலாம். எழுதத் தொடங்கும் முன் ஓரத்தில் அந்த எதிர்வாதத்தை ஒரே வரியில் குறித்துக்கொண்டுவிட்டால், கட்டுரை முழுக்க அது உங்களை உளறவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

எழுதி முடித்த பிறகு எப்படிச் சரிபார்ப்பது?

எதிர்த்தரப்பைச் சொன்ன பத்தியை மட்டும் தனியாக வெட்டி, அந்தத் தரப்பில் இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். உங்கள் பதிலைக் காட்டாதீர்கள். வீட்டிலேயே யாராவது இருப்பார்கள், "கவர் இல்லாம எப்படிடா மீன் வாங்குறது" என்கிற சித்தப்பா மாதிரி. படித்துவிட்டு அவர் எதையாவது சேர்க்கச் சொன்னால் சேர்த்துவிட்டு, பதில் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் பதிலைத்தான் மாற்ற வேண்டும், சித்தப்பா சொன்னதை வெட்டக் கூடாது.